சூடு பார்க்கிற கம்பி

எங்க வீட்டுக்காரர் சிகரெட் குடிக்கமாட்டார். இதை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா இந்தத் தெருவுல நாலு பேர் வேற மாதிரி சொல்லுவாங்க. பக்கத்துல யாராவது பத்த வச்சாலே இருமுற ஆளு. கல்யாணமாகி இருபத்திரெண்டு வருஷம், எனக்குத் தெரியாதா?

வேலை மரச்சில்லு யார்டுல, இங்கிலீஷ்ல வுட் சிப்ஸ்னு சொல்லுவாங்க. சேர்ந்த புதுசுல எங்க அக்கா, "சிப்ஸ் கம்பெனியா? ரெண்டு பாக்கெட் குடுத்தனுப்பு"ன்னு சிரிச்சா. கழிச்சுப்போட்ட கிளை, மரமில்லுல மிஞ்சின ஓரக்கட்டை எல்லாத்தையும் மிஷின்ல விட்டு விரல் நீளத்துக்கு நறுக்குவாங்க. அதை மலையா குவிச்சு வச்சு, ஆஸ்பத்திரி பாய்லருக்கும் துணி ஆலை பாய்லருக்கும் லாரியில அனுப்புவாங்க. நிலக்கரிக்குப் பதிலா அங்க இதைத்தான் எரிக்கிறாங்க.

அந்தக் குவியலைப் பாத்துக்கறதுதான் இவர் வேலை. ஈரச் சில்லை உயரமா குவிச்சா உள்ளுக்குள்ள தானா சூடேறும். யாரும் கொளுத்த வேணாம், புழுங்கிப் புழுங்கி ஒருநாள் அதுவா பத்திக்கும். அதுக்குத்தான் இவர்கிட்ட ரெண்டு ஆள் நீளத்துக்கு ஒரு இரும்புக் கம்பி. காலையில உள்ள சொருகிட்டு, டீ குடிச்சிட்டு வந்து உருவி, முனையைக் கையில பிடிச்சுப் பார்ப்பார். பத்து எண்ணுற வரைக்கும் பிடிக்க முடிஞ்சா சரி. முடியலன்னா சில்லை அள்ளிப் போடற லோடர் வண்டியை விட்டுக் குவியலைக் கலைச்சுப் போடணும். வருஷக்கணக்கா இதைப் பிடிச்சு அவர் உள்ளங்கை உப்புத்தாள் மாதிரி ஆயிடுச்சு.

லோடர் ஓட்டறது என் கொழுந்தன். வேலையில்லாம எங்க வீட்லயே எட்டு மாசம் கிடந்தவனை, முதலாளி கால்ல விழாத குறையா கெஞ்சி இவர்தான் சேர்த்துவிட்டார்.

போன மழைக்கு ஆர்டர் குவிஞ்சுது. முதலாளி பச்சை மரத்தை இலையோட நறுக்கி, வழக்கத்தைவிட ரெண்டு மடங்கு உயரமா ஏத்தச் சொன்னார். மூணாம் நாள் இவரால நாலுக்கு மேல எண்ண முடியல. நேரா முதலாளிகிட்ட போனார்.

"ஐயா, உள்ள கொதிக்குது. இன்னைக்கே கலைக்கணும்."

"லோடர் லாரிக்கு ஏத்திட்டிருக்குய்யா. ஈர மரம்னா ஆவி வரத்தான் செய்யும். போய் வேலையைப் பாரு."

மறுநாளும் போய்ச் சொன்னார். ரெண்டு தடவையும் கொழுந்தன் லோடர்ல உக்காந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தான். அடுத்த நாள் மத்தியானம் குவியல் பத்திக்கிச்சு. ரெண்டு நாள் எரிஞ்சுது.

இன்சூரன்ஸ்காரர் வந்தார். உயரமா குவிச்சதுதான் காரணம்னா முதலாளிக்குப் பைசா கிடைக்காது. யாரோ சிகரெட் போட்டுட்டாங்கன்னா கிடைக்கும். அந்த யாரோ எங்க வீட்டுக்காரர். "குவியல் பக்கத்துல எங்கண்ணன் சிகரெட் பிடிச்சதை என் கண்ணால பார்த்தேன்"னு எழுதிக் கையெழுத்துப் போட்டவன் என் கொழுந்தன்.

"உன் நாக்கு அழுகாதாடா?"ன்னு கேட்டேன்.

"எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு அண்ணி."

"எங்களுக்கு மட்டும் என்ன, ரெண்டு ஆட்டுக்குட்டியா இருக்கு?"

வளர்த்த கடா மாருல பாயும்னு சும்மாவா சொன்னாங்க! இவர் மட்டும் வாயே திறக்கல. திறந்தா தம்பி வேலை போயிடுமாம். வேலை போனது இவருக்குத்தான். குவியல்கிட்ட சிகரெட் பிடிச்ச ஆள்னு பேராயிடுச்சு, எந்த யார்டும் உள்ள விடமாட்டேங்குது. வீட்ல உக்காந்து உள்ளங்கையைத் தேய்ச்சுக்கிட்டே இருக்கார்.

போன வாரம் கொழுந்தன் வாசல்ல வந்து நின்னான். கையில துணி சுத்தியிருந்தான்.

"கம்பி வேலையையும் என்னையே பார்க்கச் சொல்லிட்டாங்க அண்ணி. எவ்வளவு நேரம் உள்ள வைக்கணும், எத்தனை எண்ணணும், ஒண்ணும் புரியல. நேத்துலேருந்து ஆவி வருது. ஏதாவது ஆச்சுன்னா என் தலையில கட்டிடுவாங்க. அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போறேன்."

உள்ளே இவர் எழுந்திருச்சுட்டார். சொல்லிடுவார், எனக்குத் தெரியும். நான் குறுக்க நின்னேன்.

"உங்கண்ணனுக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்? அவர்தான் அங்க நின்னு சிகரெட் பிடிச்சிட்டிருந்தாரே. நீதானப்பா பார்த்தே."

கதவைச் சாத்தினேன். அந்தப் பக்கம் அவன் கிளம்பிப் போற செருப்புச் சத்தம் கேக்க ரொம்ப நேரமாச்சு. இந்தப் பக்கம் இவர் என் முகத்தைப் பார்க்கவே இல்ல.