பதினாலாம் நம்பர் பீம்

பதினாலாம் நம்பர் பீமைத் தன் தறியில் ஏற்றச் சொல்லி கோகுல்நாத் கேட்டபோது, மேஸ்திரி பாண்டிராஜ் அவன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

"காய்ச்சலும் இல்லையே மாப்ள. செத்தவ சுத்துன பீமுன்னு அவனவன் பத்தடி தள்ளி நிக்கிறான். நீயா வந்து கேக்குற?"

"எனக்கே இருக்கட்டும்ணே."

"பேய் வந்தா என்னையக் கூப்பிடாத."

விளாங்குடியில் அந்தக் கைலித் தறிக்கூடத்தில் இருபத்துநாலு தறிகள். ஆறாம் நம்பர் தறி கோகுல்நாத்தினுடையது. வயது இருபத்தொன்பது. பதினொரு வருஷமாக அந்தச் சத்தத்துக்குள் நின்றதில் இடது காது பாதி போய்விட்டது. பெண் பார்க்கப் போன இடத்தில் காபியா டீயா என்று கேட்டதற்கு "எட்டு மணி நேரம்" என்று பதில் சொன்னவன். வீட்டில் சௌராஷ்டிரம், தெருவில் தமிழ், தறிக்கூடத்தில் கை ஜாடை என்று அவனுக்கு மூன்று பாஷை. மூன்றிலும் வாய்க்கொழுப்பு உண்டு.

அந்த வாய்க்கு ஈடு கொடுத்த ஒரே ஆள் சுந்தரம்மாள். ஏழு வருஷமாகப் பரவையிலிருந்து பஸ்ஸில் வந்தவள். முன்கொட்டகையில் பாவு சுற்றுவது அவள் வேலை. தறியகல இரும்பு உருளையில் எண்ணூறு மீட்டர் நூலைச் சுற்றினால் அது ஒரு பீம். பின்கொட்டகையில் தறிக்காரர்கள் அதை இருபது நாள் ஓட்டிக் கைலியாக்குவார்கள். சுற்றும்போது இழை அறுந்து, முனை கிடைக்காமல் தொலைந்தால் அந்த இடத்தில் ஒரு துண்டுக் காகிதம் செருகி மேலே சுற்றிவிட வேண்டும். தறியில் அந்தக் காகிதம் வெளிவரும்போது, ஓட்டுகிறவன் உஷாராகிப் புது இழை சேர்த்துக்கொள்வான்.

எல்லாரும் வெறும் காகிதம்தான் வைப்பார்கள். சுந்தரம்மாள் எழுதி வைப்பாள். அஞ்சாங்கிளாஸ் எழுத்து, வலப்பக்கம் சாய்ந்து விழப்போவது போல இருக்கும்.

"கோகுலு, இங்க ரெண்டு இழை தொலஞ்சு போச்சு. கண்டுபிடிச்சா ஒனக்குக் கல்யாணம்."

நூல் தீர்ந்து வெற்று உருளை திரும்பப் போகும்போது, அவன் அதன்மேல் சாக்பீஸால் பதில் எழுதுவான்.

"அக்கா, ஒன் முடிச்சு ஒவ்வொண்ணும் ஒன் கொண்டை சைசுக்கு இருக்கு."

அந்தப் பதில்மேல் அவள் அடுத்த பாவைச் சுற்றுவாள். ஒரு கேலிக்கு மறுகேலி வந்து சேர மாதக்கணக்காகும். சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் பக்கத்துப் பக்கத்தில் நின்றாலும் அதைப் பற்றி இரண்டு பேரும் மூச்சு விட மாட்டார்கள். அவள் பஸ் ஏறும்போது "வாரேன்டா" என்பாள். அம்புட்டுதான் பேச்சு.

போன மாசி மாதம் ஒரு மத்தியானம், பதினாலாம் நம்பர் உருளை வெறுமையாகத் தரையில் கிடந்தது. வயிறு நிறையச் சோறு, கையில் சாக்பீஸ். யோசிக்காமல் எழுதினான்.

"ஒன் பாவும் ஒன் புருஷன் மாதிரிதாங்கா. பாதியில அத்துக்கிட்டு ஓடிருது."

எழுதியபோது சிரிப்பு வந்தது. டீ குடித்துவிட்டு வந்தபோது வரவில்லை. அவள் புருஷன் நிஜமாகவே ஓடிப்போனவன். பன்னிரண்டு வருஷமாகத் தகவல் இல்லை. அழித்துவிடலாம் என்று திரும்பினால் உருளை அங்கே இல்லை. முன்கொட்டகைக்கு ஓடினான். சுந்தரம்மாள் வாசலுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள். உருளையில் நூல் ஏறிக்கொண்டிருந்தது. எழுத்தும் தெரியவில்லை, அவள் முகமும் தெரியவில்லை.

அன்று சாயங்காலமும் "வாரேன்டா" என்றுதான் சொன்னாள்.

மூன்றாம் நாள் பரவை மார்க்கெட்டில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தவள் மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. நெஞ்சடைப்பு என்றார்கள்.

அவள் அதைப் படித்தாளா? படித்துவிட்டா ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் "வாரேன்டா" சொன்னாள்? கோகுல்நாத்துக்குத் தெரிய வேண்டியது இது ஒன்றுதான். பதில் இருந்தால் அந்த பீமுக்குள் இருக்கும்.

ஏற்றிய இரண்டாம் நாள், முதல் காகிதம் வந்தது. தறியை நிறுத்தி, பின்பக்கம் ஓடிக் குனிந்து எடுத்தான். வெற்றுக் காகிதம். திருப்பினான். அந்தப் பக்கமும் ஒன்றுமில்லை.

ஐந்தாம் நாள் ஒன்று. ஒன்பதாம் நாள் இரண்டு. எல்லாம் வெறுமை. ஏழு வருஷத்தில் அவள் எழுதாமல் காகிதம் வைத்ததே இல்லை. ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான், பேனா அழுந்திய தடமாவது இருக்குமா என்று. பன்னிரண்டாம் நாளிலிருந்து, எதுவும் கேட்காத அந்த இடது காதில் மட்டும் "கோகுலு" என்று கேட்க ஆரம்பித்தது. திரும்பினால் தறிதான் அடித்துக்கொண்டிருக்கும். பஸ்ஸில் அந்தப் பக்கம் யாராவது உட்கார்ந்தால் எழுந்து நின்றுகொண்டான்.

இருபதாம் நாள் காலையில் பாண்டிராஜ் வந்தார்.

"மாப்ள, கைலி வாங்குற பார்ட்டி கட்ட டிசைன மாத்திட்டாரு. இன்னும் எம்புட்டு இருக்கு?"

"இருபது மீட்டர்ணே."

"அறுத்துப் போட்டுட்டு வேற பீம ஏத்து."

"சாயந்தரம் வரைக்கும் விடுங்கண்ணே."

"அதுக்குள்ள என்னடா, பொதையலா இருக்கு?"

"நான் எழுதுனது இருக்குண்ணே. அக்காவுக்கு எழுதுனது."

பாண்டிராஜ் அவனைப் பார்த்தார். மூக்கில் பஞ்சுத் தூசி, கண் சிவந்திருந்தது. "நான் சாப்பிட்டுட்டு வாரேன். கொஞ்சம் நெறையாவே சாப்பிடுவேன்" என்று போய்விட்டார்.

அவன் சாப்பிடப் போகவில்லை. கடைசிச் சுற்றுக்கு முந்தைய சுற்றிலேயே நூலுக்கு அடியில் எழுத்து மங்கலாகத் தெரிந்தது. தறியை நிறுத்தினான். மிச்ச நூலைக் கையால் ஒதுக்கினான்.

அவன் எழுதியது அப்படியே இருந்தது, ஓர் எழுத்துக்கூட அழியாமல். அதற்குக் கீழே, விழப்போவது போலச் சாய்ந்த எழுத்து.

"படிச்சேன். நெசந்தான். நான் அழிக்க மாட்டேன். எழுதுனவனே அழி. எண்ணூறு மீட்டர் ஓட்டிட்டு வா."

குத்துக்காலிட்டு இன்னொரு தடவை படித்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நெசந்தான்" என்ற சொல்லை என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. பிறகு கட்டைவிரலை எச்சிலால் நனைத்துத் தன் வரியை அழித்தான். நூல் இறுக்கியதில் சாக்பீஸ் இரும்போடு அப்பியிருந்தது. தேய்க்கத் தேய்க்க விரல் எரிந்தது. கீழே இருந்த அவள் வரியில் நகம்கூடப் படாமல் பார்த்துக்கொண்டான்.

பாண்டிராஜ் வந்து பார்த்தார். இரண்டு பேருமாக உருளையை முன்கொட்டகைக்கு உருட்டிக்கொண்டு போனார்கள். அங்கே இப்போது திவ்யா என்ற புதுப்பெண். குனிந்து படித்தாள்.

"அண்ணே, 'எழுதுனவனே அழி'ன்னு போட்டிருக்கே. எத அழிக்கணும்?"

"அழிச்சாச்சும்மா."

"அப்ப இது? இதயும் தொடச்சிரட்டுமா?"

"அது இருக்கட்டும். மேல சுத்து."

அவள் தோளைக் குலுக்கிவிட்டு நூலைக் கட்டி மெஷினைப் போட்டாள். முதல் சுற்றில் எழுத்து மங்கியது. மூன்றாம் சுற்றில் மறைந்தது. இனி அது எந்தத் தறிக்குப் போகுமோ, எவன் கண்ணில் படுமோ. கோகுல்நாத் இடது காதை அந்தப் பக்கம் திருப்பி நின்றான், நூல் நிறைகிற வரைக்கும்.