கரையேறாத இன்னாசி

மரக்காணம் பங்குப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு டீச்சர் அருள்மேரிக்குக் கதை சொல்கிற கிறுக்கு உண்டு. ராஜா கதை, நரி கதை எல்லாம் கிடையாது. வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் அவள் சொன்னது ஆகாயத்தில் போகிற ஒரு கப்பலின் கதை. அது கிளம்பிப் பல தலைமுறை ஆகிவிட்டது, போய்ச் சேர இன்னும் பல தலைமுறை ஆகும். நடுவழியில் பிறந்த பிள்ளைகள் மண்ணையும் பார்த்ததில்லை, மழையையும் பார்த்ததில்லை. அவர்களுடைய வியர்வையைக்கூட ஒரு குழாய் உறிஞ்சிக் குடிதண்ணீராக்கிவிடும். மிஞ்சுகிற உப்பைச் சோற்றில் போட்டுக்கொள்வார்கள். இதைக் கேட்டு உப்பளத்துப் பிள்ளைகள் வயிறு வலிக்கச் சிரித்தன.

அந்தக் கப்பலில் இருந்த பதின்மூன்று வயதுப் பையனுக்கு அவள் இன்னாசி என்று பேர் வைத்தாள். அங்கேதான் வந்தது வினை.

இன்னாசி அவளுடைய தம்பி. எழுபத்தொன்றாம் வருஷம் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு, அனுமந்தை ஊர் மீனவர் அப்பாதுரையோடு கட்டுமரம் ஏறிப் போனவன். அப்போது அவனுக்கும் வயது பதின்மூன்று. திடீரென்று காற்று மாறிவிட்டது. அப்பாதுரையின் உடம்பு மறுநாள் கரை ஒதுங்கியது. இன்னாசி ஒதுங்கவில்லை. அம்மா அன்னமேரி உப்பளத்தில் கூடை சுமக்கிறவள். உடம்பைப் பார்க்காமல் அழமாட்டேன் என்றாள், அழவும் இல்லை. பங்குச்சாமியார் சொல்லிச் சொல்லி, ஒரு வருஷம் கழித்துத்தான் மகன் ஆத்துமாவுக்குப் பூசை வைக்க அரைமனசாகத் தலையாட்டினாள்.

அந்த வாரம் பார்த்து வகுப்பில் ஒரு பெண் எழுந்தாள். "டீச்சர், இன்னாசி என்ன ஆனான்?"

"இன்னும் கரையேறல" என்றாள் அருள்மேரி, மணி அடித்துவிட்ட அவசரத்தில்.

கோயிலில் அந்த வார்த்தைக்கு ஓர் அர்த்தம். உத்தரிக்கிற ஸ்தலத்தில் பாவம் கழியக் கிடக்கிற ஆத்துமா மோட்சம் போனால், கரையேறிவிட்டது என்பார்கள். கடற்கரையில் கதையே வேறு. கரையேறவில்லை என்றால் ஆள் தண்ணீரில் இருக்கிறான், தொழிலில் இருக்கிறான், வருவான். பிள்ளைகள் அந்த வார்த்தையை அப்படியே உப்பளத்துக்குக் கொண்டுபோய்க் கொட்டின. அன்னமேரி கூடையை இறக்கிவைத்துவிட்டு நேராகச் சாமியாரிடம் போனாள்.

"பூசை வேணாங்க சாமி. புள்ள கப்பல்ல இருக்குதாம். கரையேறாதவனுக்கு எதுக்குங்க பூசை?"

அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஊர் சொன்னது. ஊருக்கு என்ன தெரியும்? "அது கதைம்மா" என்று அருள்மேரி தலையில் அடித்துக்கொண்டபோது, "தெரியும்டி. நீ சொல்லு" என்றாள் அம்மா. கதையை நிறுத்த அருள்மேரிக்கு மனசு வரவில்லை.

வகுப்பில் பிள்ளைகள் மாறினாலும் கதை தொடர்ந்தது, வருஷத்துக்கு ஒரு வயது இன்னாசி வளர்ந்தான். குரல் உடைந்தது. கப்பலில் தண்ணீரிலேயே வளர்கிற தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் சின்னப்பாப்பா என்ற பெண்ணைச் சுற்றிச் சுற்றி வந்தான். "ஞானஸ்நானம் வாங்குன பொண்ணா?" என்று அன்னமேரி மிரட்டலாகக் கேட்டாள். கிறிஸ்துமஸ் வந்தால் டெய்லர் நடராசனிடம் அவனுக்குச் சட்டை தைக்கக் கொடுத்தாள். "இப்ப என் ஒசரம் இருப்பானாடி?" என்று அளவுக்கு மகளைக் கேட்டாள். தைத்த சட்டைகள் கொடியில் தொங்கின. கடல்காற்று புகுந்து அவை ஆள் மாதிரி உப்பிக்கொள்ளும்போது, அருள்மேரி உள்ளே போகப் பயந்து வாசலிலேயே நின்றுவிடுவாள்.

அவள் பயந்தது சட்டைக்கு மட்டும் இல்லை. இன்னாசிக்கு மீசை வைக்க வேண்டும் என்று அவள் நினைக்கவே இல்லை, ஒரு வெள்ளிக்கிழமை அது தானாக வந்துவிட்டது. ஒரு நாள் அவன் கப்பலின் பெரியவர்களைப் பார்த்து, "எங்கள யாரக் கேட்டு இதுல ஏத்தினீங்க?" என்று கத்தினான். சொன்னது அவள் வாய்தான். குரல் அவளுடையது இல்லை.

இதெல்லாம் போகட்டும். அன்னமேரி தன் சோற்றில் பாதியை அவனுக்கென்று தனித்தட்டில் எடுத்து வைக்க ஆரம்பித்தாள். அதை யாரும் தொடக்கூடாது, காலையில் காக்கைக்குத்தான் போகும். மிச்சப் பாதியைச் சாப்பிட்டுவிட்டு வெயிலில் உப்பு சுமந்தாள். ஐந்தாம் வருஷம் பாத்தி வரப்பில் மயங்கி விழுந்தாள். இவனை இனி வளர்த்தால் அம்மா மிஞ்சமாட்டாள் என்று அருள்மேரிக்குப் புரிந்தது. அவனை விடுகிற நினைப்பே அவள் நெஞ்சை அறுத்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை, யார் சொன்னார்களோ, அன்னமேரி கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தாள். காலில் உப்பு காய்ந்திருந்தது. அருள்மேரி கரும்பலகையைப் பார்த்தபடியே சொன்னாள். கப்பலின் வெளிச்சுவரில் விரிசல். உள்ளே இருக்கிற காற்று கசிகிறது. யாராவது வெளியே போய் அடைக்க வேண்டும். இன்னாசி போனான், அடைத்தான். இடுப்பில் கட்டியிருந்த கயிறு அறுந்துவிட்டது.

பின்னாலிருந்து அன்னமேரிதான் கேட்டாள்.

"செத்துட்டானா?"

"ஆமாம்மா."

"எந்த வயசுல?"

"பதினெட்டு."

"அந்தப் பொண்ணு பாத்துச்சா?"

"கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னுச்சு. கடைசி வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்துச்சு."

அன்னமேரி விரல்விட்டு எண்ணினாள். "அப்ப அஞ்சு வருஷம் கூட இருந்திருக்கான் எம்புள்ள" என்றாள். சொல்லிவிட்டு, மார்பில் அடித்துக்கொண்டு, பிள்ளைகளுக்கு நடுவே ஓவென்று அழுதாள். சிலதுகள் அவளோடு சேர்ந்து அழுதன.

கல்லறைத் திருநாளுக்கு முன்னால், உள்ளே ஒன்றுமில்லாத ஒரு மண்மேட்டுக்குச் சிலுவை நட்டார்கள். பேர் எழுத உபதேசியார் சிலுவைமுத்து பெயிண்ட் டப்பாவோடு குந்தினார். இன்னாசி முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மைக்கு மந்திரம் சொல்லிக்கொடுத்தவர் அவர், அவன் வயது தெரிந்தவர்.

"வயசு?"

"பதினெட்டு" என்றாள் அன்னமேரி.

உபதேசியாரின் பிரஷ் நின்றது. அவர் நிமிர்ந்து அருள்மேரியைப் பார்த்தார்.

"பதினெட்டுதாங்க" என்றாள் அக்கா. "எழுதுங்க."