அலமாரிக்குள் போன காபிப்பொடி

திருவேங்கடம் உலகநாதன் (1946–2024). லாலாகுடா ரயில் பணிமனையில் சக்கரங்களைப் பரிசோதிக்கும் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். சுத்தியலால் தட்டி ஓசை கேட்காமல் எந்தச் சக்கரத்தையும் அவர் அனுப்பியதில்லை. மாரெட்பள்ளி வீட்டிலும் அப்பழக்கம் விடவில்லை. தட்டிப் பார்க்க அங்கே மனிதர்கள்தாம் இருந்தார்கள்.

காலைக் காபியை அவரே போடுவார். பில்டரில் பொடியைப் பரப்பி, இலேசாக அழுத்தி, கொதிநீரைச் சுற்றி ஊற்றி மூடிவிட்டால், பிறகு அதை எவரும் தொடக் கூடாது. 2022 மழைக்காலத்தில் அந்த டிகாக்‌ஷன் மணமிழந்தது. அடுப்பருகே டப்பாவிலிருந்த பொடியும் விரைவாகக் குறைவதாகத் தோன்றியது. சமையலுக்கு வரும் ஸ்டெல்லா நல்ல பொடியை எடுத்துக்கொண்டு சிக்கரியைக் கலந்துவைக்கிறாளோ?

டப்பாவைப் பொறியாக அங்கேயே விட்டார். புதுப் பொடியைக் காகிதப் பொட்டலத்தோடு இரும்பு அலமாரியில், மனைவி கனகவல்லியின் பட்டுப்புடவைகளுக்கு நடுவே வைத்துப் பூட்டினார்.

ஒரு வாரத்தில் காபியில் மருந்து வாடை வீசியது.

"கனகு, இவளை நிறுத்திடு. வஞ்சம் வச்சு என்னமோ கலக்குறா."

"பூட்டுறது நீங்க, போடுறது நீங்க. அவ எங்கேங்க கலந்தா?" என்றார் கனகவல்லி.

"பில்டரைக் கழுவுறது யாரு?"

கரண்டியும் கையுமாக ஸ்டெல்லா வெளியே வந்தாள்.

"உங்க காபி எனக்கு நக்கோ ஐயா, வேண்டவே வேண்டாம். எங்க வீட்ல எல்லாரும் டீ குடிக்கிறவங்க. எதுக்கு உங்க பொடியைத் தொடப்போறேன்? நிறுத்துறதுன்னா நிறுத்துங்க. ஆனா திருடின்னு பேரோட போனா, இந்தத் தெருவுல யாரு என்னைச் சேப்பாங்க?"

உலகநாதன் மாத முடிவில் அனுப்பிவிடுவதென்று மனத்துக்குள் முடிவு கட்டினார்.

அந்த ஞாயிறு ஒரு திருமணத்துக்குப் புறப்பட வேண்டியிருந்தது. அவர் தம்ளரை வாயருகே கொண்டுபோன நேரத்தில், அலமாரியிலிருந்து எடுத்த பட்டைக் கட்டிக்கொண்டு கனகவல்லி வந்து நின்றார்.

"மடிப்பு சரியா இருக்காங்க?"

அவர் மூக்கு விடைத்தது. தம்ளரை முகர்ந்தார். முந்தானையைப் பிடித்து முகர்ந்தார். மறுபடியும் தம்ளர்.

"அந்துருண்டை!"

"நல்லதாப் போச்சு," என்றார் கனகவல்லி. "இனி உங்க காபியைப் பூச்சி அரிக்காது."

அடுக்களை வாசலில் நின்ற ஸ்டெல்லா சிரிக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மன்னிப்புக் கேட்பது அவர் வழக்கமன்று. பொட்டலத்தை எறிந்தார். முதலில் மணத்தைக் கொன்றது அடுப்பின் சூடும் மழைக்கால ஈரமும்தாம் என்பதும் பிறகு தெளிந்தது. சிறிதளவே பொடி வாங்கி, இறுக மூடும் பாத்திரத்தில் அடைத்து, அடுப்புக்கு எட்டத்தில் ஸ்டெல்லாவின் மசாலாத் தட்டிலேயே வைத்தார். பூட்டில்லை.

மறுநாள், போட்ட காபியின் முதல் தம்ளரை அவளிடம் நீட்டினார். டீ குடிப்பவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு வாங்கிக் குடித்தாள். அது தினமும் தொடர்ந்தது. மரியாதையா, சோதனையா என்று கனகவல்லிக்கே விளங்கவில்லை. குடித்து முடிக்கும்வரை அவர் அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்க மாட்டார்.

அந்த முதல் தம்ளரை அவர் கடைசியாக நீட்டியது 2024 ஜனவரி 17, புதன்கிழமை.