செபஸ்தியான் வழிக்காத சரிவு

செபஸ்தியான் போய்விட்டார் என்று குளுவாங்கிலிருந்து அவர் மனைவி அழைத்தபோது என் அடுப்படியில் இருந்தவர்கள்: நான், மகள் தேவி, பக்கத்து வீட்டு அமீனா, என் கொழுந்தன் மணியம். தேவி அழுதாள். அமீனா முகத்தை மூடிக்கொண்டார். "நல்ல மனுஷன்லா, அண்ணி," என்றார் மணியம். அதை அவர் வாயால் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை.

யோங் பெங் பக்கம் மண்வாரி இயந்திரம் ஓட்டிய செபஸ்தியானை உங்களில் பலருக்குத் தெரியும். வீட்டுக்குப் பின்னால் சரிவில் நின்ற கிழட்டு ரப்பர் மரங்களை எடுத்துவிட்டு டுரியான் கன்று வைக்க அவரைத்தான் கூப்பிட்டேன். மரங்களைச் சாய்த்தார், வேர்க்கட்டைகளைப் பிடுங்கவில்லை. அடிமரங்களைச் சரிவுக்குக் குறுக்கே படுக்க வைத்தார். புல்லையும் விட்டுவைத்தார். பாதி முடிந்தபோது மணியம் வந்து பார்த்தார்.

"என்னா இது, குப்பைமேடு மாதிரி? மொத்தமா சுரண்டி எடு."

"அண்ணே, முடி வெட்டச் சொன்னா வெட்டுறேன். உங்க தலை மாதிரி வழிக்கச் சொன்னா எப்படிலா? மழை வந்தா மண்ணு நிக்காது."

மணியத்துக்கு வழுக்கை. எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

கண் ஆப்பரேஷனுக்காக நான் தேவியோடு பத்து பாகாட் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த வாரம், மணியம் செபஸ்தியானை நிறுத்திவிட்டார். நான் திரும்பியதும், "வேற புல்டோசரு புடிச்சு மீதியை வழிச்சிட்டேன் அண்ணி, சுத்தமா இருக்குல?" என்று பெருமையாகச் சொன்னார். கன்று நட்டோம். அடைமழை வந்தது. செபஸ்தியான் வேலை செய்த பக்கம் ஒரு கன்றும் அசையவில்லை. வழித்த பக்கம் மண்ணும் கன்றும் சேறாக இறங்கி, கீழே இருந்த அமீனாவின் அடுப்படிக்குள் புகுந்தன.

மறுநாள் செபஸ்தியான் மண்வெட்டியோடு அமீனாவின் வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, நீங்க அள்ளினா நீங்கதான் செஞ்சீங்கன்னு ஊரு சொல்லும்."

"சொல்லட்டும் அக்கா. அவங்க சோறாக்கணும்ல."

ஊர் சொன்னது. சொல்ல வைத்தவர் மணியம். காப்பிக்கடைக்கே போய் உண்மையைச் சொன்னேன். "அண்ணி கண்ணுல கட்டோட கெடந்தாங்க. அவங்க என்னத்தப் பாத்தாங்க?" என்றார். கடையே சிரித்தது. அதற்குப் பிறகு செபஸ்தியானை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. இயந்திரத்தை விற்றுவிட்டு, குளுவாங்கில் ஒரு தொழிற்சாலை வாசலில் காவலுக்கு, ஜாகாவாக உட்கார்ந்தார்.

அடக்கத்தன்று குழியருகே எல்லோர் முன்னாலும் கேட்டேன்: "மணியம், அந்தப் புல்டோசரக் கொண்டாந்தது யாரு? இப்பவாவது சொல்லுங்க." குனிந்து ஒரு பிடி மண்ணைப் போட்டுவிட்டு நகர்ந்துகொண்டார்.

அவர் சொல்லாததால் நான் எழுதுகிறேன். அந்தச் சரிவை வழித்தவர் செபஸ்தியான் இல்லை. அவர் குறுக்கே போட்ட மரங்கள் மக்கிவிட்டன, மண் நிற்கிறது. கன்றுகள் என் தலைக்கு மேல் வளர்ந்துவிட்டன. 'சோறாக்கணும்ல' என்ற அவருடைய அந்த ஒரு சொல்லை நான் வைத்துக்கொண்டேன். அவருடைய பொறுமை எனக்கு வராது. அன்று கடையில் சிரித்தவர்களை விட்டுவிடுகிறேன். மணியத்தை விடமாட்டேன்.