நூறு தடவை அமுக்கினால்

லிஃப்ட் கம்பெனியில் அவருக்குப் பெயர் 'காது'. இருபத்தாறு வருஷமாக மெக்கானிக். மேலே மோட்டார் அறைக்கு ஏறுவதற்கு முன்பே கீழே கதவோரம் நின்று கேட்டுவிட்டு, "மூணாவது மாடிக்கும் நாலாவதுக்கும் நடுவுல ரோலர் தேஞ்சிருக்கு" என்பார். போய்ப் பார்த்தால் தேய்ந்துதான் இருக்கும். வீட்டிலும் அதே கதை. மிக்சி ஓடும் சத்தத்திலேயே மூடி சரியாக உட்காரவில்லை என்று கண்டுபிடித்துவிடுவார். "நான் கத்தறது மட்டும் இந்தக் காதுல விழாது" என்பாள் அவர் மனைவி.

பொறுமையில்லாமல் லிஃப்ட் பட்டனைக் குத்திக்கொண்டே நிற்பவர்களைக் கண்டால் அவருக்கு வாய் சும்மா இருக்காது. "நூறு தடவ அமுக்கினா நூறு லிஃப்ட் வருமா சார்?" என்று கேட்டுவிட்டுத்தான் மறுவேலை. மகளுக்கு இது பள்ளிக்கூட நாளிலிருந்தே கேட்டுப் புளித்துப்போன வசனம்.

அந்த மகள்தான் அந்தக் குடும்பத்தில் முதல் பட்டதாரி. கணினி அறிவியல் படித்துவிட்டு ஒரு சின்னக் கம்பெனியில் மென்பொருள் சோதிக்கும் வேலையில் இருந்தாள். தெருவில் யாருடைய போன் சூடானாலும், யார் வீட்டு பிரிண்டர் தாளைக் கடித்துக்கொண்டாலும் அப்பா அவளைத்தான் கைகாட்டுவார். "எங்க பாப்பா பாத்துடுவா. படிச்சவ." அவளும் ஏதோ செய்து எப்படியோ சரியாக்கிவிடுவாள். எது சரியாக்கியது என்று பல சமயம் அவளுக்கே தெரியாது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்பா அவளைக் கூப்பிட்டார். குரலே சரியில்லை.

கணினிக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு ஹார்ட் டிஸ்க். உள்ளேயிருந்து டிக், டிக், டிக், அப்புறம் ஒரு குர்ர்.

"கேட்டியா? உள்ள கை மாதிரி ஒண்ணு இருக்கு. இடம் தேடிப் போகுது, கிடைக்காம போய் முட்டிட்டுத் திரும்பி வருது. தளத்துக்கு நேரா நிக்கத் தெரியாத லிஃப்ட் மாதிரி."

அவர் சொன்னது அத்தனையும் சரி. அந்தக் 'கை'யைக் கல்லூரியில் அவள் படமாக வரைந்திருக்கிறாள். இரண்டு மதிப்பெண் கேள்வி. இரண்டும் வாங்கினாள். நிஜத்தில் ஒன்றைத் திறந்து பார்த்ததில்லை.

"உள்ள என்னப்பா இருக்கு?"

"அந்தப் படம்தான்."

எந்தப் படம் என்று அவளுக்குத் தெரியும்.

இரண்டு மாதத்துக்கு முன் அவர் பராமரித்த ஒரு லிஃப்ட், நிற்க வேண்டிய தளத்தில் நிற்காமல் வழுக்கிக் கீழே இறங்கி இடித்தது. உள்ளே இருந்த ஒரு அம்மாவுக்குக் கால் முறிந்தது. பிரேக் லைனிங் தேய்ந்திருந்தது, மெக்கானிக் கவனிக்கவில்லை என்று கம்பெனி சொன்னது. அவர் கவனித்திருந்தார். மூன்று தடவை போட்டோ எடுத்திருந்தார், தேதி விழும்படி. அனுப்பட்டுமா என்று கேட்டபோது சூப்பர்வைசர், "படத்த அனுப்பி என் போன ரொப்பாதய்யா, வாயால சொன்னா போதும்" என்றிருந்தார். இப்போது, மெக்கானிக் வாயாலும் எதுவும் சொல்லவில்லை என்கிறார். வியாழக்கிழமை விசாரணை. உரிமம் போனாலும் போகும். அதைவிட, தேய்ந்ததைக் கவனிக்காமலே விட்டவன் என்ற பேர்.

"சரி விடுங்க. போன்ல இருக்கும்ல?"

"போன்ல இடமில்லன்னு கம்ப்யூட்டருக்கு மாத்தினேன்."

"அப்ப கம்ப்யூட்டர்ல?"

"நீதானேம்மா பேக்கப் எடுத்து வைன்னு சொன்ன? எல்லாத்தையும் பத்திரமா இதுக்குள்ள எடுத்து வெச்சுட்டேன்." பீரோவில் நகையை வைத்துப் பூட்டியவர் போலச் சொன்னார். "அங்க ஒண்ணும் விடல."

எடுத்து வை. அவள் சொன்ன சொல்தான். எடுத்து வைப்பதென்றால் அங்கிருந்து எடுத்து இங்கே வைப்பது. தமிழில் அதற்கு வேறென்ன பொருள்? இரண்டு இடத்திலும் இருக்க வேண்டும் என்பதைச் சொல்ல அவளுக்குத் தோன்றவே இல்லை. அதைக்கூடவா சொல்வார்கள் என்று அன்றைக்கு நினைத்திருப்பாளோ?

வயரை மாற்றினாள். பின்பக்கத்து ஓட்டையில் செருகினாள். பக்கத்து வீட்டு லேப்டாப்பை வாங்கி வந்து அதில் போட்டாள். ஒருமுறை திரையில் டிஸ்க் தெரிந்தது. 'பிரேக்' என்ற பெயரில் ஒரு ஃபோல்டர். அப்பா நாற்காலியின் நுனிக்கு வந்தார். ஃபோல்டரைத் திறந்தாள். பச்சைக் கோடு பாதிவரை நகர்ந்து நின்றது. டிக், டிக், டிக், குர்ர். பிறகு, இந்த டிஸ்கை ஃபார்மட் செய்யட்டுமா என்று கணினி கேட்டது.

"ஆமான்னு குடுத்துடவா?" என்று மவுசை நோக்கிக் கை நீட்டினார்.

"ஐயோ, தொடாதீங்க! எல்லாத்தையும் அழிக்கட்டுமான்னு கேக்குது."

"கேக்கறதப் பாத்தா உதவி பண்ற மாதிரி இருக்கே."

திங்கட்கிழமை, டேட்டா மீட்கும் கடை ஒன்றுக்குப் போன் போட்டாள். அவர்கள் பெரிய ஊருக்கு அனுப்பித்தான் திறப்பார்களாம், தூசியே இல்லாத அறையில். மூன்று வாரம் ஆகும். கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. அதுவரை மின்சாரமே கொடுக்கக் கூடாது, ஒவ்வொரு தடவையும் உள்ளே சுற்றும் தகடு கீறிக்கொண்டே போகும் என்றார் கடைக்காரர். அப்பாவிடம் இரண்டு தடவை சொன்னாள். தலையை ஆட்டினார்.

செவ்வாய்க்கிழமை வேலைவிட்டு வந்தபோது அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"முட்டைக்குப் பக்கத்துல என்ன இருக்குன்னு வந்து பாருடி. உங்கப்பா பண்ற கூத்து தாங்கல."

ஃப்ரிட்ஜில், பிளாஸ்டிக் கவரில் சுற்றி, ஹார்ட் டிஸ்க்.

"வீடியோல ஒருத்தன் சொன்னான்மா. குளிர வெச்சா ஒருதரம் ஓடுமாம்." அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "காலையிலேருந்து வெச்சு வெச்சு எடுத்தேன்."

"எத்தன தடவ போட்டுப் பாத்தீங்க?"

"ஒரு நாப்பது இருக்கும்."

கவரின் உள்பக்கமெல்லாம் வியர்த்திருந்தது. அவளுக்கு எங்கிருந்து அப்படி ஒரு கோபம் வந்ததோ.

"நூறு தடவ அமுக்கினா நூறு லிஃப்ட் வருமாப்பா? ஊருக்கெல்லாம் சொல்வீங்கல்ல? சத்தம் கேட்டா மொதல்ல மெயின ஆஃப் பண்ணுன்னு நீங்கதானே சொல்வீங்க?"

அம்மா, "ஏய், வாய மூடு" என்றாள்.

அப்பா உள்ளே போய்த் தன் டூல் பையைத் துழாவி ஒரு சிவப்பு அட்டையை எடுத்து வந்தார். லிஃப்ட் கதவில் மாட்டுவது. 'பழுது. இயக்காதீர்கள்.' அதன் கயிற்றை ஹார்ட் டிஸ்கைச் சுற்றி இறுக்கிக் கட்டி, ஃப்ரிட்ஜுக்கு மேலே வைத்தார்.

வியாழக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு போனார். விசாரணை அறை நான்காவது மாடியில். மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், ஓரமாகச் சூப்பர்வைசர். அப்பா பையிலிருந்து ஹார்ட் டிஸ்கை எடுத்து, அட்டையோடு அப்படியே மேஜைமேல் வைத்தார்.

"இதுக்குள்ளதான் சார் இருக்கு. மூணு போட்டோ."

நடுவில் இருந்தவர் நல்ல மாதிரிதான். "காமிங்களேன். என் கம்ப்யூட்டர்லயே போட்டுப் பாத்துடுவோம்" என்று வயருக்காகக் கை நீட்டினார்.

அப்பாவின் கை தானாக ஹார்ட் டிஸ்கை மூடிக்கொண்டது. "வேணாம் சார். இன்னொரு தடவ சுத்தினா மிச்சம் மீதியும் போயிடும்."

"அப்ப எப்படித்தான் நாங்க பாக்கறது?"

அப்பா மகளைத் திரும்பிப் பார்த்தார். தெருவில் யாராவது கெட்டுப்போன போனோடு வந்து நிற்கும்போது பார்ப்பாரே, அதே பார்வை. பாப்பா பாத்துடுவா.

"மூணு வாரம் டைம் குடுத்தா எடுத்துடலாம் சார்" என்றாள்.

"கண்டிப்பா எடுத்துடலாமா?"

பொய் நாக்கு நுனிவரை வந்தது. "கண்டிப்பான்னு சொல்ல முடியாது சார்."

சூப்பர்வைசர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் இருந்தவர் மற்ற இருவரிடமும் மெதுவாக ஏதோ பேசினார். "டைம் வேணும்னா முன்னாடியே எழுதிக் குடுத்திருக்கணும்மா" என்றார். பிறகு எழுதினார். எழுதியதைப் படித்தும் காட்டினார்: ஆதாரம் எதுவும் சமர்ப்பிக்கப்படவில்லை. அப்பா கையெழுத்துப் போட்டார், தேதியோடு.

வெளியே வந்து லிஃப்டுக்குக் காத்திருந்தார்கள். ஹார்ட் டிஸ்க் அவர் சட்டைப் பையில் பிதுங்கிக்கொண்டிருந்தது. சிவப்பு அட்டை வெளியே தொங்கியது. அவள் பட்டனை அமுக்கினாள். லிஃப்ட் இரண்டாவது மாடியிலேயே நின்றது. மறுபடி அமுக்கினாள். மறுபடி. எத்தனை தடவை என்று அவளுக்கே தெரியவில்லை. சட்டென்று கையை எடுத்துவிட்டு, இப்போது கேட்பார், இதோ கேட்கப்போகிறார் என்று அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

அவர் மாடி எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார்.