முந்தி வந்த எதிரொலி

இதை நானே கட்டி எழுதியிருந்தால் முடிவையாவது மாற்றியிருப்பேன். நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன். அவ்வளவுதான் என்னால் முடியும்.

நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு ராக் பேண்ட் வைத்திருந்தோம். கார்த்திகா பாடுவாள், பாட்டும் அவளே எழுதுவாள். ஜெபக்குமார் கிடார், செம்மல் டிரம்ஸ். நான் பேஸ் கிடார். ஒலிப்பதிவும் என் பொறுப்பு. முதல் ஆல்பத்துக்குச் சென்னையில் ஸ்டுடியோ எடுக்க வசதியில்லை. அரிமளத்துக்குப் பக்கத்தில் ஜெபக்குமாரின் சித்தப்பா வீடு பூட்டிக் கிடந்தது. அவர் குடும்பத்தோடு துபாயில் இருக்கிறார். போன வருடம் சித்திரையில் அங்கே போய் இறங்கினோம். இந்த ஆல்பம் எடுபடாவிட்டால் பாட்டை விட்டுவிட்டு பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று கார்த்திகா தன் வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தாள்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு பழைய கிணறு. நல்ல ஆழம். பொட்டுத் தண்ணீர் கிடையாது. பேசினால் கணீரென்று திருப்பிச் சொன்னது. விடுவேனா? ஒரு ஸ்பீக்கரையும் ஒரு மைக்கையும் கயிற்றில் கட்டி இறக்கினேன். கார்த்திகா வீட்டுக்குள் நின்று பாடுவாள். அவள் குரல் ஸ்பீக்கர் வழியாகக் கிணற்றுக்குள் ஒலிக்கும். எதிரொலியை மைக் பிடிக்கும். லேப்டாப்பில் இரண்டும் தனித்தனிக் கோடுகளாகப் பதியும்.

நண்பகலில்தான் பதிவு. அந்த வெயிலில் ரோட்டில் வண்டி ஓடாது. காக்கைகூடக் கத்தாது. அதனால்தான் அந்த நேரத்தைப் பிடித்தோம்.

மூன்றாவது பாட்டில் கவனித்தேன். கிணற்றுக் கோடு முன்னால் தொடங்கியிருந்தது. கார்த்திகா பாடத் தொடங்குவதற்குக் கண்ணிமைக்கும் நேரம் முன்னால்.

எதிரொலி எப்படி முந்தும்? கம்ப்யூட்டர் கோளாறாக இருக்கும் என்று அதை இழுத்துச் சரிசெய்தேன். செம்மல் எட்டிப் பார்த்து, கெணத்துக்கு இவளைவிட அவசரம் போல என்றான். சிரித்துக்கொண்டோம்.

அடுத்த பாட்டில் ஒரு சொல் முந்தியது.

அதற்கடுத்த பாட்டில் ஒரு வரி.

வயரை மாற்றினேன். மைக்கை மாற்றினேன். செம்மல் சிரிப்பதை நிறுத்திவிட்டான்.

கடைசிப் பாட்டு. மணி 12:40. ஸ்பீக்கரை மேலே இழுத்து வைத்துவிட்டேன். கிணற்றுக்குள் மைக் மட்டும். கார்த்திகாவைப் பாட வேண்டாம் என்றேன். ஆளுக்கொரு ஹெட்போன் மாட்டிக்கொண்டோம்.

ஒன்றுமில்லை...

ஒன்றுமில்லை...

யாரோ மூச்சை இழுத்தார்கள்.

கார்த்திகாவின் குரல். கிணற்றுக்குள்ளிருந்து. ஒரு சரணம் முழுதாகப் பாடியது.

அவள் என் எதிரில்தான் நின்றாள்.

உதடு மூடியிருந்தது.

"இந்தச் சரணத்த நான் இன்னும் யாருக்கும் காட்டல ரகு," என்றாள். "காலையிலதான் மனசுல வந்துச்சு."

ஜெபக்குமார் அழித்துவிடச் சொன்னான். அவள் விடவில்லை. இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டாள். தன்னைவிட நன்றாகப் பாடியிருக்கிறது என்றாள். அதன் பின்னாலேயே தானும் பாடிச் சேர்த்தாள். அப்படியே ஆல்பம் வெளிவந்தது.

ஆடியில் விமர்சனங்கள் வந்தன. இரண்டு இணைய இதழ்கள் தூக்கிவைத்துக் கொண்டாடின. கடைசிப் பாட்டுக்குத்தான் கூடுதல் பாராட்டு. ஒருவர் இப்படி எழுதியிருந்தார்: "முன்னால் ஒலிக்கும் குரலில் அப்படியொரு உயிர். பின்னால் வரும் எதிரொலிதான் சோகை பிடித்திருக்கிறது. அதைக் குறைத்திருக்கலாம்."

இன்னொரு இதழும் ஏறக்குறைய அதையே சொன்னது.

பின்னால் வருவதுதான் கார்த்திகா.

அவள் வாசித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். "அவுங்க பாராட்டுனது என்னைய இல்ல," என்றாள். சென்னையில் இரண்டு கச்சேரிக்கு அழைத்தார்கள். முடியாது என்றாள். ஆல்பம் எடுபட்டும் அவளாகவே திருச்சிக்குப் போய் பேங்க் பரீட்சைக் கோச்சிங்கில் சேர்ந்துவிட்டாள்.

ஐப்பசியில், விட்டுவந்த சாமான்களை எடுக்க நான் மட்டும் அரிமளம் போனேன். கிணற்றருகே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முனியாயி என்ற அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"அந்தப் புள்ளைய மட்டும் ஏன் தம்பி ஒத்தையில விட்டுட்டுப் போனீங்க? தெனம் உச்சி வேளையில பாடுது."

எந்தப் புள்ள என்று நான் கேட்கவில்லை.

கேட்டுக் கேட்டு அவருக்கே ஒரு பாட்டு மனப்பாடமாகிவிட்டதாம். பாடிக் காட்டினார். எங்கள் ஆல்பத்துப் பாட்டு இல்லை. நான் கேட்டதே இல்லை. முடிக்காமலே நிறுத்தினார். மீதி எங்கே என்றேன்.

"கடைசியில பாட்டு இல்ல தம்பி. மூச்சு முட்டுற மாதிரி ஒரு சத்தம். அப்பறம் ஒன்னுமில்ல. மறுநா திரும்ப மொதல்லேர்ந்து."

சாமான்களை எடுக்காமலே பஸ் ஏறிவிட்டேன்.

மார்கழியில் ஒரு நாள் கார்த்திகா வாட்ஸப்பில் ஒரு பாட்டு அனுப்பினாள். ரொம்ப நாளைக்கப்புறம் தானாக வந்தது என்று எழுதியிருந்தாள். போட்டுக் கேட்டேன்.

முனியாயி பாடிய அதே மெட்டு. அதே வார்த்தைகள்.

கண்ணிமைக்கும் நேரம் முந்துவதில் தொடங்கியது... ஒரு சொல், ஒரு வரி, ஒரு சரணம். இப்போது இரண்டு மாதம் முந்திவிட்டது.

செம்மலையும் கூட்டிக்கொண்டு அன்றைக்கே திருச்சிக்குப் போனேன். நன்றாக இருந்தாள். டீ வாங்கிக் கொடுத்தாள். கிண்டல்கூடச் செய்தாள். கடைசிச் சரணம் மட்டும் பிடிபடவில்லை என்றாள். அந்தப் பாட்டை விட்டுவிடு என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். முனியாயி சொன்னதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்று காலையில் போன் செய்தாள். கடைசிச் சரணம் வந்துவிட்டதாம்.



"வேடிக்கையா இருக்கு ரகு," என்றாள். "அதுல வார்த்தையே இல்ல."