கட்டிங் மாஸ்டர் ஊதிய விசில்

மஞ்சள் கோட்டு என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதன் வாசம்தான். புதுத் துணியும் பிரிண்டிங் மையும் கலந்து மூக்கில் ஏறும். கை இல்லாத கோட்டு. மார்பில் இரண்டு மின்னும் பட்டைகள். முதுகில் கொட்டை எழுத்தில் ‘காவல்துறை’ என்றிருக்கும். அதற்குக் கீழே, கிட்டப் போய்ப் பார்த்தால் மட்டும் தெரிகிற பொடி எழுத்தில் ‘தன்னார்வலர்’ என்றிருக்கும். அந்தப் பொடி எழுத்தை அன்றைக்கு நாங்கள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்டேஷனுக்கு வேண்டிய அத்தனை கோட்டுகளையும் காசு வாங்காமல் வெட்டிக் கொடுத்தவர் கட்டிங் மாஸ்டர் அண்ணன். பனியன் கம்பெனியில் துணியை அடுக்கி வைத்து மிஷினில் வெட்டுகிற வேலை அவருக்கு. ஞாயிறு ஒரு நாள்தான் லீவு. அந்த ஒரு நாளையும் கோட்டு மாட்டிக்கொண்டு சந்தையில் கூட்டத்தை ஒழுங்குபடுத்துவதில் தீர்த்துவிடுவார்.

எங்கள் ஊரில் ஜனம் பெருகிய வேகத்துக்குப் போலீஸ் பெருகவில்லை. அதனால் எஸ்.ஐ. மேடம் ஆள் சேர்த்தார். டெய்லர், டீக்கடைக்காரர், கம்பெனியில் பனியனுக்குப் பிழை பார்க்கிற செக்கிங் அக்கா, என்னைப் போலக் காலேஜ் முடித்துவிட்டுச் சும்மா சுற்றியவர்கள் என்று ஒரு கலவையான படை. நான் சேர்ந்தது சமூகசேவைக்கு எல்லாம் இல்லை. கோட்டோடு ஒரு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தால் கெத்தாக இருக்கும், அவ்வளவுதான். மாஸ்டர் அண்ணனுக்கு அது நன்றாகத் தெரியும். “என்னுங் இன்ஜினியரு, போட்டோ புடிச்சாச்சுங்களா? இனி அந்த வண்டிய ஓரங்கட்டச் சொல்லலாங்களா?” என்பார். சிரிக்காமல் கேட்பார். அதில்தான் எரியும்.

எங்களுக்கு விதி ஒன்றே ஒன்று. யார் மேலும் கை வைக்கக்கூடாது. சந்தேகம் வந்தால் விசில் ஊதி ஏட்டையாவைக் கூப்பிட வேண்டும். அந்த வாரம் ஊர் முழுக்க ஒரு ஆடியோ சுற்றிக்கொண்டிருந்தது. வடநாட்டுக்காரர்கள் குழந்தை கடத்துகிறார்களாம். மேடம் மீட்டிங்கில் தெளிவாகவே சொன்னார்: “அது பச்சைப் பொய். யாரும் நம்ப வேண்டாம். இருந்தாலும் குழந்தைங்க மேல ஒரு கண்ணு வச்சுக்கோங்க.” முதல் பாதியை ஊர் காதில் வாங்கவில்லை. இரண்டாம் பாதி எல்லோருக்கும் மனப்பாடம்.

ஞாயிறு மத்தியானம், சந்தை நிரம்பி வழிந்தது. ஒரு இந்திக்காரர் நாலு வயது மதிக்கத்தக்க பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று நடந்து போனார். குழந்தை அவர் முதுகில் குத்திக் குத்திக் கத்தியது. “என்னை உடுங்க! நான் அம்மாகிட்டப் போவோணுங்க! இவரு வேண்டாங்க எனக்கு!” அசல் எங்கள் ஊர்ப் பேச்சு. அந்த ‘ங்க’ கூடப் பிசகவில்லை. மாஸ்டர் அண்ணன் வழிமறித்தார். “ஏனுங், ஆரோட கொழந்தைங்க இது?” அவருக்குக் கேள்வி புரியவில்லை. மார்பில் தட்டிக்கொண்டு இந்தியில் ஏதோ வேகமாகச் சொன்னார். அண்ணன் குழந்தையிடம் குனிந்தார். “கண்ணு, இவரு ஆரு சாமி?” அது உதட்டைப் பிதுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அண்ணன் என்னைப் பார்த்தார். “ஏட்டையாவுக்குப் போனப் போடு தம்பி.” விதிப்படி விசிலை ஊதினார்.

ஏட்டையா சந்தையின் அந்தக் கோடியில் இருந்தார். கூட்டம் பக்கத்திலேயே இருந்தது. நாங்கள் விசில் ஊதுவது போலீசைக் கூப்பிடுவதற்கு. ஊருக்கு அது போலீஸே ஆளைக் காட்டிக் கொடுத்த மாதிரி. “புள்ளையப் புடிங்கடா மொதல்ல!” என்று ஒரு தென்பாண்டிக் குரல். “கொழந்தை நம்ம பேச்சுப் பேசுது, இவன் இந்திக்காரன், இன்னும் என்னங்க கேள்வி?” என்று ஒரு கொங்குக் குரல். இந்த ஒரு விஷயத்தில்தான் எல்லா ஊர்க்காரர்களும் ஒன்று சேர்ந்தார்கள். யாரோ குழந்தையைப் பிடுங்கி மாஸ்டர் அண்ணன் கையில் திணித்தார்கள். அடி விழ ஆரம்பித்தது. நான் ஒரு பந்தல் கம்பத்தோடு நசுங்கி, போனில் கத்திக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் குழந்தை வீறிட்டது. “எங்கப்பாவ அடிக்காதீங்க!”

அது அண்ணனுக்குக் கேட்டது. எனக்குக் கேட்டது. மற்றவர்களுக்குக் கேட்கவில்லை. அவர் குழந்தையை ஒரு பூக்கார அக்காவிடம் கொடுத்துவிட்டு உள்ளே புகுந்தார். “அப்பனுங்க அது! அடிக்காதீங்க சாமி, பெத்த அப்பனுங்க!” என்று தொண்டை கிழியக் கத்தினார். அவருக்கும் நாலு விழுந்தது. கடைசியில் தன் கோட்டைக் கழற்றி, குப்புறக் கிடந்தவர் முதுகில் எழுத்துத் தெரியப் போர்த்தி, அவர் தலையை மறைத்துக் கவிழ்ந்துகொண்டார். முதுகில் ‘காவல்துறை’ என்று எழுதிய ஆளை அடிக்க யாருக்கும் கை எழவில்லை. ஓங்கியவை எல்லாம் மெதுவாக இறங்கின. ஏட்டையா புல்லட்டில் வந்து சேர்ந்தபோது, அடித்தவர்கள் எல்லோரும் வேடிக்கை பார்ப்பவர்களாக மாறியிருந்தார்கள்.

கம்பெனியில் ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருந்த குழந்தையின் அம்மா, கழுத்தில் அடையாள அட்டையோடு ஸ்டேஷனுக்கு ஓடி வந்தார். கூடவே வீட்டுக்கார அக்கா. “எங்க ஊட்டு லைன்லதானுங்க மேடம் குடியிருக்காங்க. இவிய ரெண்டு பேரும் வேலைக்குப் போயிருவாங்க. பாப்பா பொறந்ததுல இருந்து எங்க ஊட்லயேதான் கெடக்கும். பின்ன எங்க பேச்சுத்தானுங்க வரும்?” என்று அழுதார். பாப்பாவுக்குப் பலூன் வாங்கித் தரவில்லை. கோபம். அதுதான் ‘இவரு வேண்டாங்க’.

அப்பாவுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. காதில் ரத்தம். ஆம்புலன்ஸ் போன பிறகு மேடம் கேட்டார், “விசில் அடிச்சது யாரு?”

“நானுங்க மேடம்.”

“ரூல்படிதான பண்ணீருக்கீங்க மாஸ்டர். உங்க மேல தப்பு இல்ல.”

“அதுதானுங்க மேடம் பயமா இருக்குது” என்றார்.

அடித்தவர்களில் சிலரை வீடியோ பார்த்துப் பிடித்தார்கள். அந்த உயிரைக் காப்பாற்றியதற்காக மாஸ்டர் அண்ணனுக்குச் சால்வை போடுவதாக ஒரு விழா வைத்தார்கள். அவர் வரவில்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அந்த அப்பாவுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது. நான் போன் செய்து, “அண்ணா, நீங்க இல்லன்னா அந்தாளு செத்திருப்பாருண்ணா” என்றேன். “நானில்லீன்னா அடியே உழுந்திருக்காது கண்ணு” என்று வைத்துவிட்டார். இரண்டுமே உண்மை. எதை முன்னால் வைப்பது என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

இப்போது நான் ஒரு எக்ஸ்போர்ட் ஆபீசில் வேலை பார்க்கிறேன். போன மாதம் அதே சந்தையில் மாஸ்டர் அண்ணனோடு டீ குடித்துக்கொண்டிருந்தேன். அந்தக் குடும்பம் ஊரை விட்டுப் போகவில்லை. அப்பாவும் மகளும் எதிரே வந்தார்கள். அவர் இடது தோள் கொஞ்சம் சரிந்தே இருந்தது. பாப்பா ஸ்கூல் போகிற அளவுக்கு வளர்ந்திருந்தாள். “கண்ணு, எத்தனாவதுங்க படிக்கறீங்க?” என்று அண்ணன் கேட்டார். பதில் சொல்ல வாய் திறந்தவள் அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். அவர் சுற்றிலும் இருந்த கூட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வேண்டாம் என்று லேசாகத் தலையை ஆட்டினார். அவள் வாயை மூடிக்கொண்டு ஒரு விரலை மட்டும் காட்டினாள்.

பிறகு அவரே பேசினார். ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். பல நாள் பழகிப் பார்த்த எங்கள் ஊர்த் தமிழ் அது என்று கேட்டாலே தெரிந்தது. யாரும் அவரை எதுவும் கேட்டிருக்கவில்லை.

“என்ற பொண்ணுதானுங்க.”

மாஸ்டர் அண்ணன் டீ கிளாசைக் கீழே வைத்தார். “ஆமாங்க” என்றார். “உங்க பொண்ணுதானுங்க.”